ஆறு தெமலிச்சாக்களும் இரண்டு மெட்டிகளும்

கட்டுகஸ்தோட்டை,
செவ்வாய்க்கிழமை.

பறவை நோக்குவோர் வட்டத்தின் செயலாளர் தியாகராஜா ஐயா அவர்களுக்கு, குருவி எண்ணும் ப. சீதா மிகுந்த பயத்துடன் எழுதிக்கொள்வது.

ஐயாவும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நாங்கள் ஆறு பேரும் சுகம். குருவிகள் ஏழும் சுகம். இந்த இரண்டு கணக்கும் கலந்துபோனதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பொய்க் கணக்குக் கொடுத்ததால் வட்டத்தின் பைனாகுலரைத் திருப்பித் தர வேண்டும் என்றும், எண்ணுவோர் பட்டியலில் என் பெயரை வெட்டப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஐயா, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்ற பிறகு என் சொந்த முயற்சியில் என் பெயர் ஏறிய ஒரே பட்டியல் அதுதான். வெட்டுவதற்கு முன் நடந்ததைக் கேளுங்கள். நேரில் வந்தால் எனக்குப் பேச வாய் வராது.

என் கணக்கைச் சரிபார்க்க நீங்கள் அனுப்பிய சிங்கள ஐயா, ரணவீர மாத்தயா, போன மாதம் காக்கிக் காற்சட்டையும் தடித்த குறிப்புக் கொப்பியுமாக வந்தார். அந்நிய ஆளைக் கண்டதும் நான் வழக்கம்போல அலுமாரிக்குப் பின்னால் போய்விட்டேன். கணக்கெடுக்க வந்திருப்பதாகச் சொல்லி அவர் அப்பாவிடம் சிங்களத்தில், "மெஹே தெமலிச்சோ கீதெனெக் இன்னவத?" என்று கேட்டார். தெமலிச்சா என்றால் நம்முடைய தவிட்டுக்குருவி என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். இங்கே எத்தனை இருக்கின்றன என்றுதான் அவர் கேட்டார். அப்பாவின் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும். தெமள என்றால் தமிழர். இந்தியாவிலிருந்து வந்த வம்சம் என்று இழுத்தடித்து, எங்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தே ஒரு வருஷம்தான் ஆகிறது.

"வடிவு! ஆள் எண்ண வந்துட்டாங்க! அலுமாரியத் தொற!" என்று அப்பா அம்மாவிடம் கத்தினார். அம்மா திறந்த வேகத்தில் அலுமாரியே பின்னால் நகர்ந்து நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அப்பா பத்திரங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தனக்குத் தெரிந்த சிங்களத்தில் பதில் சொன்னார். இங்கே ஆறு. இன்னொன்று கொழும்பில் இருக்கிறது, மாதம் ஒருமுறை வந்து போகும். அது புடவைக் கடையில் வேலை செய்யும் எங்கள் சித்தப்பா. மாத்தயா ஆச்சரியப்பட்டு எழுதிக்கொண்டார். பிறகு, குருவிக்கு அடையாளத்துக்கு மாட்டுவார்களே, அப்படிக் காலில் வளையம் ஏதும் உண்டா என்று கேட்டார். அப்பா எங்கள் பக்கம் திரும்பி, "கால்ல கெடக்கிறதெல்லாமா கேப்பாங்க? சரி, ஆபீஸ்காரங்க, சொல்லித்தானே ஆகணும்" என்று முணுமுணுத்துவிட்டு, வெள்ளியில் இரண்டு உண்டு, கல்யாணத்தன்று போட்டது என்றார். அவர் சொன்னது சித்தப்பாவின் மனைவி ஞானேஸ்வரி சித்தியின் மெட்டிகளை. மாத்தயா கையிலிருந்த பென்சில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதாவது நான் வெளியே வந்து பேசியிருக்க வேண்டும். இருமிப் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை.

நம் வட்டத்துச் செய்திமடலில் அது வந்ததை நீங்களே அறிவீர்கள்: "கட்டுகஸ்தோட்டையில் ஆறு தெமலிச்சாக்கள். இரண்டு வெள்ளி வளையங்கள் காணப்பட்டன. ஒன்று மாதந்தோறும் கொழும்புக்கு வலசை போகிறது. பார்த்தவர்: செல்வி ப. சீதா." அதன் பிறகுதான் போன ஞாயிறு காலை ஐந்து ஐயாமார் தூரம் பார்க்கும் கண்ணாடிகளோடு வந்து எங்கள் குழாயடியைப் பார்த்து நின்றார்கள். அங்கே ஞானேஸ்வரி சித்தி துணி துவைத்துக்கொண்டிருந்தார். "யாருடி இவனுங்க? பொம்பள காலப் பாக்கவா மூணு கால் வச்ச கண்ணாடி கொண்டாந்திருக்கானுங்க?" என்று வாளித் தண்ணீரை வீசினார். அதில் நனைந்தவர்களுள் நீங்களும் ஒருவர் என்று பிறகுதான் தெரிந்தது. மன்னிக்கவும், அது சவர்க்காரத் தண்ணீர், கறை பிடிக்காது.

அப்பாவோ இரண்டாம் முறை பரிசோதிக்க வந்துவிட்டார்கள் என்று கோட்டு மாட்டி, எங்களை முற்றத்தில் உயர வரிசைப்படி நிறுத்தினார். குருவி பயந்து பறந்துவிடும் என்று, கூட வந்திருந்த ரணவீர மாத்தயா, "பொட்டக் அஹக் வென்ன," கொஞ்சம் தள்ளிப் போங்கள் என்றார். அதைக் கேட்டதும் அப்பா பத்திரங்களைத் தூக்கிக் காட்டிக் கத்தினார்.

"எங்க போறது மாத்தயா? இந்தியாவுக்கா? நாங்க பதிஞ்சாச்சு! நம்பர் இருக்கு! இந்தாங்க, பாருங்க!"

அந்தக் கூச்சலில் ஏழு குருவிகளும் பறந்துவிட்டன. வந்தவர்கள் கண்டது ஆறு மனிதரை மட்டுமே. பொய் என்று நீங்கள் நினைத்ததில் பிழையில்லை. ஆனால் ஐயா, என் கொப்பியில் ஏழு என்றுதான் இருக்கிறது. எழுபது நாள் விடாமல் எண்ணியது. ஆகவே ஆறை வெட்டி ஏழு போடவும். வளையத்தை வெட்டவும். கொழும்பை வெட்டவும். என் பெயரை மட்டும் தயவுசெய்து வெட்ட வேண்டாம்.

தங்களுக்கும் வட்டத்து ஐயாமார் அனைவருக்கும் நல்ல வெளிச்சமும் அசையாத கிளைகளும் கிடைக்கட்டும்.

பணிவுள்ள,
ப. சீதா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் கடைசியாக ஒருமுறை குருவிகளை எண்ணினேன். ஆறுதான் இருக்கிறது. ஒன்று மதிலைத் தாண்டிக் கொழும்பு பஸ் போகும் பக்கமாகப் பறந்ததைப் பக்கத்து வீட்டு ஸக்கியா மாமி பார்த்தாராம். சித்தி குழாயடியில் கழற்றி வைத்த மெட்டி இரண்டையும் காலையிலிருந்து காணவில்லை. பைனாகுலர் ஆணியில் தொங்குகிறது. அந்தக் குருவி திரும்பி வந்தால் எடுத்து அதன் காலைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது.