ஜரிகை வலைக்குள் ஜாமர் அண்ணன்

பயப்படுவதற்கென்றே ஒருவரைப் படைத்து, அவருக்குக் கம்ப்யூட்டரும் கற்றுக்கொடுத்து, கடவுள் காஞ்சிபுரத்துக்கு அனுப்பிவைத்தார். அவர்தான் ஜாமர் அண்ணன். பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டுச்சேலை முதலாளிக்காக நானும் அவரும் ஒரே அறையில் டிசைன் போட்டோம். வரைந்த பார்டரை வைஃபை வழியாகப் பக்கத்து அறைத் தறிக்கு அனுப்ப வேண்டும். தறிமேல் இருக்கும் பெட்டி அதைப் படித்து இழைகளைத் தூக்கும்.

ஒருமுறை எங்கள் யாளி பார்டர், எங்கள் சேலை தறியிலிருந்து இறங்குவதற்கு முன்பே வேறொரு கடையில் தொங்கியது. தெருவில் நின்று எவனோ எங்கள் வைஃபையை ஒட்டுக்கேட்கிறான் என்று அன்றிலிருந்து அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொரு டிசைன் போனால் முதலாளி எங்கள் இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

"பாஸ்வேர்டு போட்டிருக்கோமே அண்ணா?"

"பொட்டியைத் தெருவுல வெச்சிட்டு பூட்டு போட்டா ஆச்சாப்பா? எவனாவது பொட்டியோட தூக்கிக்கினு போய் நிதானமா உடைப்பான். அலையே செவுரைத் தாண்டக்கூடாது!"

ரவுட்டரைப் பித்தளை அண்டாவுக்குள் படுக்கவைத்து, அண்டாவின் வாயைத் தறிப்பக்கம் திருப்பினார். தெருப்பக்கம் இன்னொரு பழைய ரவுட்டரை வைத்து வெறும் குப்பையாக ஒலிபரப்பினார். ஒட்டுக்கேட்பவனுக்கு இரைச்சல் மட்டும் கிடைக்குமாம். கிடைத்தது எதிர்வீட்டு அம்மாவுக்கு.

"போன்ல சீரியல் வராம சுத்திக்கினே இருக்குது, உன் மிஷினை நிறுத்துப்பா!" என்று கரண்டியோடு வந்தார்.

"பாத்தியா, வேலை செய்யுது!" என்று அண்ணன் என் தொடையைத் தட்டினார். அலையைக் குழப்பும் கருவியான ஜாமர், அன்றுதான் அவருக்குப் பட்டப்பெயரானது.

அதுவும் போதவில்லை. கழித்துப்போட்ட செம்பு ஜரிகையை மாதக்கணக்கில் வலையாகப் பின்னி, ஜன்னல் கதவு எல்லாவற்றையும் மூடினார். அவர் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. டீக்காரர் போனை எடுத்தாலே நான் ஸ்கிரீனை அணைத்துவிடுவேன்.

அன்று என் மனைவி சுமதி பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிரஷர் ஏறினால் ஆபரேஷன், கையெழுத்துக்குக் கூப்பிடுவோம் என்றிருந்தார்கள். கல்யாணச் சேலை டிசைனை அனுப்பிவிட்டு ஓடிவிடலாம் என்று வந்தேன். அண்ணன் வலையை இழுத்துக் கட்டி, அனுப்ப ஆரம்பித்தார். போனைப் பார்த்தேன். டவரே இல்லை. வெளியே போகும் அலையை மறித்த வலை, உள்ளே வரும் அலையை மட்டும் விடுமா?

"அண்ணா, கதவைத் திறங்க."

"டிசைன் போய்க்கினு இருக்குதுப்பா. பாதிதான்..."

"சுமதிக்கு எப்ப வேணா ஆபரேஷன்ணா. போன் வரும்."

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. "இத மொதல்லயே சொல்ல மாட்டியா!" என்று கத்தியபடி கத்தரிக்கோலை எடுத்து, தான் பின்னிய வலையைத் தானே மேலிருந்து கீழாகக் கிழித்தார். போனில் தவறிய அழைப்புகள் சடசடவென்று வந்து விழுந்தன. எல்லாம் என் மாமியார். பதற்றத்தில் நான் திரும்பத் திரும்ப வேறு எண்ணையே தொட்டேன். அண்ணன் போனைப் பிடுங்கி அவரே பேசினார்.

"கூட்டிக்கினு வரேன்மா, பயப்படாதீங்க!"

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதில்லை.

தாயும் மகளும் நலம் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன், உங்களையும் எதற்குப் பயமுறுத்த வேண்டும்? ஆனால் அவர் பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அது தெரியாது. தெரு முனையில்தான் நினைவு வந்தது.

"அண்ணா, டிசைன்! வலையெல்லாம் கிழிஞ்சு கெடக்குதே!"

"தெருவே நெய்யட்டும்பா. நீ கெட்டியாப் புடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டேன். அவர் முதுகு நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அதில் முகத்தை வைத்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.