கடலுக்குப் போன புட்டு

சுறாப் புட்டில் உப்பு கொஞ்சம் தூக்கலாக விழுந்துவிட்டது. கொஞ்சம்தான் என்று ஸ்டானிஸ்லாஸ் நினைத்தான். அதைச் சரிக்கட்ட இன்னொரு பால் சுறாவை அவித்து உதிர்த்துப் போட்டான். இப்போது காரம் போதவில்லை. மிளகைத் தட்டிப் போட்டான். மிளகு தொண்டையைப் பிடித்தது. தேங்காயைத் துருவிக் கொட்டினான். சட்டி நிரம்பி, கிளறக் கிளறப் பாதிப் புட்டு வெளியே குதித்தது. பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவிடம் ஓடி, கல்யாண அண்டாவை இரவல் வாங்கி வந்தான். அண்டா ஏறியதும் மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒரு காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

அண்டாவை வைத்துக்கொண்டு என்ன செய்கிறான் என்று பார்க்கப் பின்னாலேயே வந்தாள் பச்சையம்மா.

"இன்னா அண்ணே, கோயில் திருநாளா?"

"ஃப்ளோராவுக்கு. பிரசவம் ஆனதும் சாப்பிட."

"ஒரு பொம்பளைக்கு இம்மாம் புட்டா? அவ இன்னா ஆனக்குட்டியா பெத்துக்கப் போறா? நாங்க இத்தினி பேரு லைன்ல இன்னாத்துக்குக் கீறோம்? வூட்டுக்கு ஒரு வேளை ஆக்கினு வந்து குடுக்க மாட்டமா?"

"அதெல்லாம் வேணாம்மா. இது என் வேண்டுதல்."

பச்சையம்மா முகம் சுருங்கியது. திரும்பித் தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

வேண்டுதலுக்குக் காரணம் இருந்தது. முதல் பிள்ளை பிறந்தபோது அவனும் மனைவியும் எண்ணூரில் குடியிருந்தார்கள்; அக்கம்பக்கத்தில் ஆள் பழக்கமில்லை. உடம்பு தேறுமுன்னே ஃப்ளோரா எழுந்து போய் அடுப்பு மூட்டினாள், மயங்கி விழுந்தாள். பிறகு வந்த காய்ச்சலில் பிழைத்ததே ஆண்டவர் செயல். இந்தத் தடவை, அவள் உடம்பு தேறும்வரை அடுப்புப் பக்கம் போகவிடாமல் தன் கையாலேயே சோறு போடுவதாக ராயபுரத்து ராயப்பர் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொண்டு வந்திருந்தான்.

அவனுக்குத் துறைமுகத்தில் பாரம் தூக்கும் விஞ்சு ஓட்டும் வேலை. ரயில் எஞ்சினையே கப்பலிலிருந்து கீறல் படாமல் இறக்கி வைப்பவன், ஒரு சிட்டிகை உப்பை இறக்கத் தெரியாமல் நின்றான். வேலையில் லீவு கிடைப்பதும் கஷ்டம். அதனால்தான் முன்கூட்டியே மொத்தமாகச் சமைத்து வைத்துவிடுவது என்ற யோசனை.

நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஃப்ளோரா வந்தாள். அவன் ஒரு கரண்டியை நீட்டினான். அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஒரு விள்ளல் வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள். வெகுநேரம் திறக்கவில்லை.

"எப்படி இருக்கு?"

"இதை... இப்பவே சாப்ட்டுத் தீர்க்கக் கூடாதுங்க."

அவன் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "நாளைக்குள்ள கெட்டுப்போயிடுமே ஃப்ளோரா?"

"பிடிச்ச மீனையே ஐஸ்ல வச்சு நாள்கணக்காக் காப்பாத்தறாங்க. ஆக்கின மீனை வைக்கக் கூடாதா? நம்ம கமால் ஐஸ் பேக்டரியிலதானே லோடு பாக்குது?"

இப்படி ஒரு மூளை தனக்கு வேலை செய்யவில்லையே என்று ஸ்டானிஸ்லாஸ் தலையில் தட்டிக்கொண்டான். கமால் அதே லைன் வீட்டு வரிசையில் கடைசி வீடு. அவனுடைய பெண்ணுக்கு ரம்ஜான் பாவாடை தைத்துக் கொடுப்பது ஃப்ளோராதான். அக்கா என்றால் அவனுக்கு உயிர். சொன்னதும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு காசிமேட்டுக்குப் போய், மரத்தூள் மூட்டைகளுக்குப் பின்னால் ஐஸ் பாளங்களுக்கு நடுவே வைத்துவிட்டான்.

மறுநாள் காலையிலேயே தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"பேஜாராப் போச்சு அண்ணே. லோடு பசங்க ஐஸோட ஐஸா அண்டாவையும் போட்ல ஏத்திட்டானுங்க. போட்டு கடலுக்குப் பூடுச்சு."

"ஐயோ! பச்சையம்மா அண்டா!"

"அண்டா திரும்பி வந்துரும் அண்ணே."

வந்தது. பளபளவென்று தேய்த்துக் கழுவியிருந்தார்கள்.

"போட்டுக்காரங்க எல்லாத்தையும் சாப்ட்டுட்டாங்களா?" என்று ஆவலோடு கேட்டான் ஸ்டானிஸ்லாஸ்.

கமால் அண்டாவின் விளிம்பைத் தடவினான். "கடல்ல எதுவும் வீணாவாது அண்ணே."

தன் புட்டு பசித்த வயிறுகளுக்குத்தானே போனது என்று ஸ்டானிஸ்லாஸ் மனதைத் தேற்றிக்கொண்டான். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மறுபடி சுறா வாங்கினான். இந்தத் தடவை உப்பை மறந்துவிட்டு, கடைசியில் ஞாபகம் வந்து மொத்தமாகப் போட்டான்.

"அண்டாவுக்கு ஓர் அடையாளம் வைங்க," என்றாள் ஃப்ளோரா. "சுண்ணாம்புல பெரிசா ஒரு சிலுவை போட்டுருங்க. சிலுவை போட்டதை யார் தொடுவாங்க?"

நாலு பக்கமும் சிலுவை போட்டான். அங்கேதான் பிசகியது. சிலுவை போட்ட பாத்திரம் காசிமேட்டுக் கரைக்கு வந்தால், அது யாரோ கொடுத்தனுப்பிய வேண்டுதல் சோறு என்று அர்த்தம். ஆளுக்கு ஒரு பிடி எடுத்தே ஆகவேண்டும்; வேண்டாம் என்று சொல்லக் கூடாது. ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது ஞாபகம் வராமல் போனதுதான் விசேஷம்.

"மீன்பிடி லாஞ்சு டிரைவர் கண்ணுல ஒத்திக்கினு வாங்கி ஏத்திக்கினாரு அண்ணே," என்றான் கமால். "அங்க நின்ன மூணு லாஞ்சுக்காரங்களும் ஆளுக்கு ஒரு பிடி தின்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"ரொம்ப நேரம் ஜெபம் பண்ணாங்களாம்."

வேண்டுதல் சோற்றைத் தின்றவர்களிடம் சண்டை போடுவது பாவம். ஸ்டானிஸ்லாஸ் பல்லைக் கடித்துக்கொண்டான்.

திரும்பி வந்த அண்டாவில் மூன்றாவது தடவை ஆக்கியதை யாரையும் நம்பிக் கொடுக்கவில்லை. இரண்டு நாள் லீவு போட்டான். தானே சுமந்துபோய், பாளங்களின் அடியில் ஆழமாகப் புதைத்துவிட்டு, கதவருகில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டான். கமால் வந்து வந்து பார்த்தான்.

"நீ வூட்டுக்குப் போ அண்ணே. நான் பாத்துக்கறேன்."

"போன தடவையும் நீதான் பாத்துக்கிட்டே."

"குளுர்ல வெறச்சிப் பூடுவே அண்ணே. ஒரு டீயாவது குடிச்சுட்டு வா. நான் இங்கியே நிக்கறேன்."

"நகர மாட்டேன்."

மறுநாள் காலை எதிர்வீட்டு ராஜாத்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அண்ணே, இங்கியா குந்திகினு கீற? அக்காவுக்கு வலி வந்துருச்சு! மூத்த புள்ள எங்க வூட்ல கீது. பச்சையம்மா ரிக்‌ஷாவுல ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு பூடுச்சு!"

ஸ்டானிஸ்லாஸ் எழுந்து ஓடினான். பாதி வழியில் அண்டா ஞாபகம் வந்து திரும்பினான். அண்டா பாளத்தோடு பாளமாக ஒட்டிப்போயிருந்தது. சம்மட்டியால் தட்டினான், அசையவில்லை. உளி வைத்து அடித்தான். அண்டாவுக்குப் பச்சையம்மா மன்னிக்க முடியாத ஒரு சொட்டை விழுந்தது. கடைசியில், ஒட்டியிருந்த ஐஸோடு சேர்த்துப் பெயர்த்துத் தலையில் வைத்துக்கொண்டு போய் ஒரு ரிக்‌ஷாவில் ஏறினான். ரிக்‌ஷாக்காரன் வழியெல்லாம் திட்டினான்: "ஐஸ் ஏத்தற வண்டியாய்யா இது? சீட்டெல்லாம் ஊறுது பாரு!"

பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஆயா தாயம்மா, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட வந்தவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருய்யா நீ?"

"ஃப்ளோரா புருஷன். பத்தியச் சாப்பாடு கொண்டாந்திருக்கேன்."

தாயம்மா மூடியைத் திறந்தாள். உள்ளே கையை வைத்தவள் சுட்டதுபோல இழுத்துக்கொண்டாள்.

"அடப்பாவி! பச்ச ஒடம்புக்காரிக்கு ஐஸ் கட்டியா? ஜன்னி வந்து சாவறதுக்கா? பொட்டப் புள்ள பொறந்து ஒரு மணி நேரமாச்சு. புள்ளையப் பாக்காம அண்டாவைத் தூக்கினு அலையிற! வை அதை அந்த மரத்தடியில!"

மரத்தடியில் வைத்தான். காக்கை ஒன்று இறங்கி, ஒரு கொத்து கொத்திவிட்டு, தலையை உதறிக்கொண்டு பறந்துபோனது. ஐஸ் கெட்டியாக இருக்கிறது போலும் என்று அவன் நினைத்தான்.

வார்டுக்குள் நுழைந்தபோது அவனுக்கு அழுகை முட்டியது. இத்தனை பாடுபட்டும் அவளுக்கு வைக்க ஒரு வாய்ச் சோறு கையில் இல்லை. நாளையிலிருந்து லீவும் இல்லை. மறுபடியும் இவள் தட்டுத்தடுமாறி அடுப்பை நோக்கிப் போவாளோ?

கட்டிலருகில் பச்சையம்மா இருந்தாள். தூக்கிலிருந்து ஆவி பறக்கும் பூண்டு ரசச் சோற்றைக் கிண்ணத்தில் இட்டுக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் கை நின்றது. ஃப்ளோராவும் வாய்க்கருகில் கொண்டுபோன பிடியை அப்படியே நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். பசியில் அந்தப் பிடியைக் கீழே வைக்க அவளுக்கு மனமில்லை.

"உங்க வேண்டுதல்..." என்றாள் மெதுவாக.

அந்தப் பசிக்கு முன்னால் அவனுடைய பெருமையெல்லாம் கரைந்துபோயிற்று. கொடுப்பதற்குப் பெரிய மனம் வேண்டும்தான். பிறர் கொடுப்பதை வாங்கிக்கொள்ள அதைவிடப் பெரிய மனம் வேண்டும் என்பதை இத்தனை சுறாக்களைக் கொன்ற பிறகுதான் ஆண்டவர் அவனுக்குக் காட்டினார்.

"சாப்பிடும்மா. பச்சையம்மா, அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோ. அண்டாவுக்கும் சேர்த்து."

"அண்டாவுக்கு இன்னா ஆச்சு?"

"அப்புறம் சொல்றேன்."

பச்சையம்மா கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தாள். "உன் கையாலதானே சோறு போடறேன்னு வேண்டினுகீற? லைன்ல எல்லா வூட்லயும் முறை வச்சு ஆக்கறோம். நீ ஊட்டு. சாமி கணக்குல எல்லாம் சரியாப் பூடும். நைட்டுக்கு ராஜாத்தி வூட்ல கஞ்சி."

அவன் பிடி பிடியாக ஊட்டினான். ஃப்ளோரா கண்ணை மூடாமலே சாப்பிட்டாள். இன்னும் வேண்டும் என்று கேட்டும் சாப்பிட்டாள். தொட்டிலில் குழந்தை கொட்டாவி விட்டது. ஒரு தாய்க்கு நாலு வீட்டு அடுப்பு எரிகிறதென்றால், தன் அண்டாக்களைக் கடலுக்கு அனுப்பியதுகூட ஆண்டவருடைய ஏற்பாடுதான் என்று அவனுக்கு உறுதியாயிற்று. அதை ஃப்ளோராவிடமும் சொன்னான்.

"ஆமாங்க," என்றாள் அவள், குழந்தையைப் பார்த்துக்கொண்டே.

அப்போது தூக்கு மூடி கை தவறிக் கீழே உருண்டது. அதை எடுக்க ஸ்டானிஸ்லாஸ் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டான்.

ஜன்னல் கம்பிக்கு வெளியே கமாலின் முகம் வேர்க்க விறுவிறுக்க வந்து ஒட்டிக்கொண்டது.

"அக்கா, கோச்சுக்காத! மொத ரெண்டு அண்டாவையும் நீ சொன்ன மாதிரியே கடலுக்கு அனுப்பிட்டேன். இதை மட்டும் அண்ணன் ராத்திரி பகலா காவல் காத்து, என் கையில சிக்காம தூக்கினு வந்துட்டாரு!"