பேய் அறையில் நங்கூரம்

பேயைக் கண்டு பயப்படாதவர்கள் ஊரில் பலர் உண்டு. பேய்க்கே அதன் வேலையை மறக்கடித்தவன், எனக்குத் தெரிந்து, நங்கூரம் ஒருவன்தான்.

தங்கச்சிமடத்துக்காரன். எங்கள் மீன் ஏற்றுமதி அலுவலகத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான் என்பதால் அந்தப் பெயர். ஆனால் டீ நேரத்தில் மற்ற நாற்காலிகளெல்லாம் அவனைச் சுற்றி நகர்ந்துவிடும். முதலில் நகர்வது ஜென்சியின் நாற்காலி. எனக்கு வயிறு எரியும். அவன் ஜோக்குக்கு ஒருநாளும் நான் சிரித்ததில்லை; வீட்டுக்குப் போய்ச் சிரித்திருக்கிறேன்.

ராமேஸ்வரத்தில் சுற்றுலாக்காரர்களுக்காகப் பேய் அறை விளையாட்டு ஒன்று திறந்தார்கள். இருட்டறையில் பூட்டிவிடுவார்கள். துப்புகளைக் கண்டுபிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் கதவைத் திறந்து வெளியே வர வேண்டும். மூன்று பேரும் கிளம்பினோம். ஜென்சி ஒரு தடவையாவது என்னைப் பார்த்து அசர வேண்டும் என்பதற்காகவே ஒரு வாரம் வீடியோ பார்த்துத் தயாரானேன். அறை முழுக்கத் தடவிப் பார்க்க வேண்டும், கிடைத்ததை ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும், பூட்டோடு மல்லுக்கட்டக் கூடாது.

உள்ளே என் கை பறந்தது. படத்துக்குப் பின்னால் சாவி. கடிகாரம் நின்றுபோயிருந்த நேரம்தான் எண் பூட்டுக்கு விடை.

"சூப்பர் முருகேசன், மூளைக்காரருதான்" என்றாள் ஜென்சி. காது குளிர்ந்தது.

பூட்டு திறந்ததும் மூலையில் சிவப்பு விளக்கு எரிந்தது. அங்கே ஒரு சவப்பெட்டி. கடைசிச் சாவி அதற்குள்தான் என்று புரிந்து, மூடியில் கை வைத்தேன்.

"ஏலே, கைய எடு" என்றான் நங்கூரம். "பெட்டியக் கண்டா செபஞ் சொல்லாமத் தொடப்புடாது."

"அது வெறும் பிளைவுட்டுடா. நேரம் போகுது."

"எதுல செஞ்சா என்ன, பெட்டி பெட்டிதான்."

மண்டியிட்டுவிட்டான். அதே பழக்கத்தில் வளர்ந்த பாம்பன்காரி ஜென்சியும் பக்கத்தில் மண்டியிட்டாள். கடலுக்குப் போய்த் திரும்பாத சித்தப்பாவில் தொடங்கி, இறந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வேண்டினான். நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன். அவன் முடித்ததும் பெட்டிக்குள்ளிருந்து "ஆமென்" என்று ஒரு குரல் வந்தது.

மூடி திறந்தது. எங்களைப் பார்த்து அலற வேண்டிய பேய், எழுந்து உட்கார்ந்து, "அண்ணே, எங்கம்மாவுக்கும் ஒன்னு சொல்லுங்க. பேரு செல்வராணி" என்றது.

நங்கூரம் சொன்னான். முகத்துச் சாயம் வழிய அழுத பேய், சாவியை அவன் கையில் கொடுத்தது. ஒரு வாரம் படித்தவன் நான். பேயும் அவன் கட்சி. ஜென்சி அவனைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

கதவருகே போனவன் நின்றான். "பொறுங்க, ஒரு ஆள விட்டுட்டேன்." திரும்பி வந்து மறுபடியும் மண்டியிட்டான். "உத்தரகோசமங்கை கருப்பையா."

என்னைப் பெற்ற அய்யா. போன தையில் இறந்தவர். எப்போதோ டீ குடிக்கும்போது அந்தப் பெயரை அவனிடம் சொல்லியிருப்பேன், எனக்கே நினைவில்லை.

நானும் போய் அவன் தோளை உரசிக்கொண்டு மண்டியிட்டேன். ஜென்சி யாரைப் பார்த்தாள் என்று கவனிக்கவில்லை.