மாதிரியில் கை வைக்காதவர்

இரண்டாவது பிளேன்டீயும் ஆறிவிட்டது. ஸக்கரியா அதைப் பார்த்தார், பிறகு கடை வாசலைப் பார்த்தார். வாசலில் பஸ்ஸுக்காகச் சனம் நின்றது. இராசமாணிக்கத்தைத்தான் காணவில்லை.

"முதலாளி, இதையும் கீழ ஊத்திறவா?" என்று கேட்டாள் கராம்பு பொறுக்க வரும் தங்கம்மா.

"வெச்சிட்டுப் போங்க. வருவாரு."

"நேத்தும் இதத்தாங்க சொன்னீங்க."

ஸக்கரியா மாத்தளையில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிறவர். இராசமாணிக்கத்துக்கு அதே தெருவில் புடவைக்கடை. இரண்டு பேரும் பின்னேரத்தில் ஒன்றாக உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிக்காவிட்டால் தெருவில் எவருக்கோ சுகமில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட சிநேகிதத்தை, நூறு வருசத்துக்கு முன்னால் ஏணியிலிருந்து விழுந்த ஒரு வெள்ளைக்காரன் உடைத்துவிட்டான்.

அவன் பெயர் கஸ்பர் பிங்கிள். படங்கள் பேசத் தொடங்குவதற்கு முந்திய காலத்துச் சிரிப்பு நடிகன். கழுத்துப்பட்டி முழங்கால் வரைக்கும் தொங்கும், அதைத் தானே மிதித்துத் தானே விழுவான். ஊரிலுள்ள பழைய பட ரசிகர் வட்டம் அவனுடைய சிறந்த பத்துப் படங்களை வாரம் ஒன்றாகக் காட்டத் தீர்மானித்தது. முதலாம் இடத்துப் படத்தோடு தொடக்கம்.

"தரம் பிரிக்கிறதுன்னா நம்ம ஸக்கரியா நானாவ விட்டா யாரு இருக்கா? துணைக்கு இராசமாணிக்கம் ஐயா இருக்கட்டும்" என்று செயலாளர் சிவரூபினி டீச்சர் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டினவர்களில் பாதிப் பேருக்குத் தாங்கள் தப்பித்த சந்தோசம்.

பத்தாம் இடத்திலிருந்து இரண்டாம் இடம் வரைக்கும் ஒரு தேத்தண்ணீருக்குள் முடிந்துவிட்டது. முதலாம் இடத்தில்தான் வண்டி நின்றது.

"ஏணிப் படம்" என்றார் ஸக்கரியா.

"கல்யாணக் கேக் படம்" என்றார் இராசமாணிக்கம். "ஏணியில இருந்து யாரு வேணும்னாலும் விழலாம் நானா. கேக்குக்குள்ள விழுறதுக்குக் கலை வேணும்."

"புடவ அளக்கிற ஆளுக்கு ஏணிட அரும எங்க வெளங்கப் போவுது?"

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் இராசமாணிக்கம் கோப்பையைப் பாதியில் வைத்தார். எழுந்தார். போனார். அன்றைக்குப் போனவர்தான்.

மூன்றாம் நாள் ஸக்கரியா போன் எடுத்தார்.

"மாணிக்கம், ரெண்டையும் முதலாம் எடத்தில போட்டுருவம். எனத்துக்குச் சண்ட?"

"ஒரு மணவறையில ரெண்டு மாப்பிள்ளையா? ஏன் நானா, உங்க கடையில முதல் தரத்தையும் ரெண்டாந்தரத்தையும் ஒரே மூட்டையிலயா கட்டுறீங்க?"

ஸக்கரியாவின் காது சிவந்துவிட்டது. அவருடைய மூட்டையைப் பற்றி அப்படி ஒரு பேச்சை இதுவரை எவரும் பேசியதில்லை.

சரி, மூன்றாவது ஆள் தீர்ப்புச் சொல்லட்டும் என்று வீட்டுக்குப் போய் படங்களைப் போனில் போட்டு மனைவி ஸுபைதாவிடம் கொடுத்தார். அவர் வெள்ளைப்பூடு உரித்துக்கொண்டே இரண்டு படத்தையும் பார்த்தார். முகத்தில் ஓர் அசைவு இல்லை.

"அந்த ஏணியப் புடிச்சிக்கொள்ள ஒரு ஆளு இல்லையா?"

"அது சிரிப்புப் படம் ஸுபைதா."

"இந்தக் கேக்குக்கு எத்தின முட்ட போயிருக்கும்! இப்ப முட்ட விக்கிற வெலைக்கு."

"ரெண்டில எது நல்லம்? அதச் சொல்லு."

"முந்தி ஒரு நாள் காட்டினீங்களே, நாய் வார படம், அது நல்லம். அந்த நாய்க்காவது கொஞ்சம் புத்தி ஈக்கிது."

ஸக்கரியாவுக்கு இதில் ஒரு வழி தெரிந்தது. இரண்டு பேருமே தோற்றால் ஒருவருக்கும் வெட்கமில்லை. உடனே போன் போட்டார்.

"மாணிக்கம், ஏணியும் வேணாம், கேக்கும் வேணாம். நாயப் போட்டுருவம்."

"என் கேக்க நாயிக்கா போடுறீங்க?"

போன் அறுந்தது. கொஞ்ச நேரத்தில் சிவரூபினி டீச்சர் போன் போட்டார்.

"நானா, என்ன செஞ்சீங்க? இராசமாணிக்கம் ஐயா வட்டத்த விட்டே விலகுறேங்கிறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க ரெண்டு பேரும் ஒரே முடிவா சொல்லலன்னா மண்டபத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"யாருக்கு?"

"ஐசிங் வகுப்புக்கு. கேக் செய்யப் பழக்குறாங்களாம்."

"அங்கயும் கேக்கா!" என்று ஸக்கரியா தலையில் கை வைத்துக்கொண்டார்.

மண்டபம் போனால் போகட்டும். சிநேகிதன் போய்விடுவானோ என்றுதான் அவருக்குப் பயமாக இருந்தது. பின்னேரங்கள் நீண்டுபோயின. தனியாகக் குடித்தால் தேத்தண்ணீரில் சீனி போட்டும் இனிக்கவில்லை. கேக்தான் முதலாவது என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் தரத்தில் பொய் சொல்ல அவருக்கு வாய் வராது.

பல்லேபொலயிலிருந்து மிளகு கொண்டுவருகிறவர்களுக்கு அது தெரியும். ஒரு கிண்ணம் தண்ணீரை மேசையில் வைப்பார். ஒரு பிடி மிளகைப் போடுவார். தாழ்ந்தது நல்ல மிளகு, மிதந்தது சொத்தை. தண்ணீர் அடங்கும்வரை வாங்குகிறவரும் கிண்ணத்தைத் தொடக் கூடாது, விற்கிறவரும் தொடக் கூடாது. 'மாதிரியில கை வெக்கிற ஆளுட வீட்டில நான் தண்ணியும் குடிக்க மாட்டன்' என்பது அவர் கடைக்கு வரும் எல்லோரும் மனப்பாடமாகக் கேட்ட பேச்சு.

கிண்ணத்தை நினைத்ததும் அவருக்குப் புத்தி வந்தது. படத்தையும் தண்ணீரில் போட்டுப் பார்த்தால் என்ன?

தண்ணீர் கடைக்குப் பின்னால் ஸ்டோரிலேயே இருந்தது. தங்கம்மா, றஸ்மியா, இன்னும் சில பெண்கள் சுளகை மடியில் வைத்துக் கராம்பு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பிங்கிளைத் தெரியாது. எந்தப் படம் எவருடைய கட்சி என்றும் தெரியாது. சிரிப்பு வந்தால் சிரிப்பார்கள், வராவிட்டால் கராம்பைப் பார்ப்பார்கள். இதைவிடச் சுத்தமான தண்ணீர் எங்கே கிடைக்கும்?

வட்டத்தின் புரொஜெக்டரை இரவல் வாங்கிவந்தார். சுவரில் வெள்ளைச் சீலையைக் கட்டினார். சீலைக்கு முன்னால் மிளகு மூட்டைகள் அடுக்கியிருந்தன. தூக்குகிற ஆட்கள் சாப்பிடப் போயிருந்ததால் அவை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

முதலில் ஏணிப் படம். ஸக்கரியா எல்லோருக்கும் பின்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பிங்கிள் ஏறினான். உச்சிக்குப் போனான். ஏணி ஆடியது. கழுத்துப்பட்டியை மிதித்தான். விழுந்தான்.

ஒரு சத்தமில்லை.

"பாவம், அடிபட்டிருக்கும்" என்றாள் றஸ்மியா. தங்கம்மா கொட்டாவி விட்டாள்.

ஸக்கரியா படத்தை நிறுத்தினார். ஏணி மிதந்துவிட்டது. சொத்தை.

அடுத்தது கேக். அதில் ஒரு சிக்கல் வந்தது. ஏணி உயரம், அதனால் எல்லாம் தெரிந்தது. கேக் இருந்ததோ சின்ன மேசையில். மேசை மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டது.

"முதலாளி, அந்தாளு எதப் பாத்து ஓடுறாரு?" என்று கேட்டாள் தங்கம்மா.

ஸக்கரியா யோசித்தார். இது சிநேகிதனின் படம். இதை அரைகுறையாகக் காட்டித் தோற்கடித்தால் அது கள்ளத் தராசு. எழுந்துபோய்ச் சீலைக்குப் பக்கத்தில் நின்று, மறைந்த இடத்தில் நடப்பதை விளக்கத் தொடங்கினார். பின்னால் இருந்தவர்களுக்கும் விளங்கட்டும் என்று கொஞ்சம் நடுவுக்கு வந்தார். வாயால் சொல்லி விளங்காத இடங்களில் கையாலும் காலாலும் காட்ட வேண்டியிருந்தது.

முதலில் ஒருத்தி களுக்கென்றாள். பிறகு இன்னொருத்தி. பிங்கிள் கேக்கைச் சுற்றி ஓடுகிற கட்டத்தில் றஸ்மியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். கேக்குக்குள் விழுகிற கட்டத்தில் தங்கம்மாவின் சுளகு கவிழ்ந்து, பொறுக்கின கராம்பெல்லாம் தரையில் கொட்டியது.

"முதலாளி, இன்னொருக்கா போடுங்க!"

"அல்லாஹ்வே, எனக்கு ஏலா, மூச்சு அடைக்கிது!"

ஸக்கரியா வேர்வையைத் துடைத்துக்கொண்டார். இடுப்புச் சாரத்தில் ஒட்டியிருந்த மிளகைத் தட்டிவிட்டார். தன் ஏணி தோற்றது வலிக்கத்தான் செய்தது. ஆனால் இனி ஒளிவுமறைவில்லாமல் சிநேகிதன் கடைக்குப் போகலாம் என்ற சந்தோசம் அந்த வலியைவிடப் பெரிது.

இராசமாணிக்கம் சீத்தைத் துணி அளந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மாணிக்கம், ஒங்கட கேக்தான் முதலாம் தரம்."

"கிண்டலுக்கு இன்னைக்கு நான்தான் கெடச்சேனா?"

"தண்ணியில போட்டுப் பாத்துட்டுத்தான் வாறன். என்ட ஏணி மிதந்துட்டு."

"என்ன தண்ணி?"

"நம்மட ஸ்டோர்ப் பொம்புளைகள். கராம்பெல்லாம் கொட்டிட்டுச் சிரிச்சாங்க. நான் மாதிரியில கை வெக்கல்ல மாணிக்கம். ஒங்களுக்குத் தெரியும்தானே."

இராசமாணிக்கம் அளவுகோலைக் கீழே வைத்தார்.

"புடவ அளக்கிறவன்னு சொல்லிட்டீங்களே நானா."

"சொன்னது பிழ. மனசில வெக்க வேணாம்."

"நானும் மூட்டையப் பத்திப் பேசியிருக்கக் கூடாதுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "வாங்க, பிளேன்டீ ஆறிரும்."

அன்றைக்கு இரண்டு கோப்பையும் காலியானது.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் சந்தோசம் வந்தால் இராசமாணிக்கத்துக்கு வாய் நிற்காது. தன் படம் முதலாம் தரம், அதுவும் ஸக்கரியா நானா தரம் பார்த்தது என்று தெரு முழுக்கச் சொன்னார். புடவை வாங்க வந்தவர்களிடம் சொன்னார், வாங்காமல் போனவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். எல்கடுவ தோட்டத்திலிருந்து மச்சான் குடும்பத்தை வேன் பிடித்துக் கூட்டிவந்தார். சனிக்கிழமை மண்டபத்தில் உட்கார இடமில்லை.

டீச்சர் வேண்டாம் என்று சொல்லியும் மேடையில் ஏறிப் பேசினார்.

"ஒரு விசயம் சொல்லிர்றேன். சிரிச்சு வயிறு வலிச்சா என்னக் கேக்கக் கூடாது!"

விளக்கு அணைந்தது. பிங்கிள் வந்தான். கழுத்துப்பட்டியை மிதித்தான். கேக்கைச் சுற்றி ஓடினான். மண்டபத்தில் காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது. ஸக்கரியா இருட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எல்லா முகமும் மருந்துக்கு வரிசையில் நிற்கிற முகமாக இருந்தது. பிங்கிள் கேக்குக்குள் விழுந்தான்.

"அம்மா, இனிமே அந்தக் கேக்க யாரு சாப்புடுவா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. எல்கடுவ மச்சானின் குறட்டை அதற்குப் பதில் சொன்னது. பேசாத படம், பார்த்தவர்களையும் பேசவிடாமல் முடிந்தது.

விளக்கு எரிந்தபோது இராசமாணிக்கத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இதுக்குத்தானா நானா முதலாம் இடம் குடுத்தீங்க? சபை நடுவுல என் மானத்த வாங்கத்தானா?"

"அல்லாஹ்வுக்காக இல்ல மாணிக்கம்! சிரிச்சாங்க! நான் கண்ணால பாத்தன்!"

"எங்க சிரிச்சாங்க? என் மச்சான் தூங்குறான் பாருங்க! மாதிரியில கை வைக்கலன்னு சொன்னீங்களே!"

"வெக்கல்ல! சத்தியமா வெக்கல்ல!"

"இனி உங்க கடப் பக்கம் என் நிழலும் வராது."

வாசலை நோக்கி நடந்துவிட்டார். ஸக்கரியா பின்னால் இரண்டு எட்டு வைத்தார். ஏணியும் கேக்கும் நாசமாகப் போகட்டும், இந்த மனிதன் போய்விட்டால் இனிப் பின்னேரங்களுக்கு என்ன செய்வது? சுற்றிப் பார்த்தார். கடைசி வரிசையில் தங்கம்மாவும் றஸ்மியாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"றஸ்மியா! எழும்புங்க! எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க. அண்டைக்கு ஸ்டோர்ல இந்தப் படத்துக்கு நீங்க சிரிச்சீங்களா, இல்லையா?"

மண்டபமே திரும்பியது. றஸ்மியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"சிரிச்சம்தான் முதலாளி. பொய் சொல்ல ஏலாதே."

வாசல்வரை போன இராசமாணிக்கம் நின்றார். ஸக்கரியாவுக்கு உயிர் வந்தது.

"அப்ப இண்டைக்கு எனத்துக்குச் சிரிக்கல்ல?"

றஸ்மியா தங்கம்மாவைப் பார்த்தாள். தங்கம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அண்டைக்கு முன்னால ஓடி விழுந்தது நீங்கதானே முதலாளி. இண்டைக்கு அந்த வெள்ளக்காரன் தனிய விழுந்தா யாருக்குச் சிரிப்பு வரும்?"