டெல்பர்ட்டின் முதுகில் ஒரு பந்துவீச்சாளர்

கண்ணாடித் தட்டுத் தண்ணீரில் ரஸ்டி பென்டர்காஸ்ட் மல்லாக்க மிதந்துகொண்டிருந்தபோது, வாசலில் நோரீனின் கார் வந்து நின்றது.

ரஸ்டி ஓர் இடதுகைப் பந்துவீச்சாளர். செத்து எத்தனையோ வருஷமாகிறது. மிதந்தது அவர் படம் அச்சிட்ட பழைய பேஸ்பால் அட்டை; ரசிகர்கள் தேடிச் சேர்த்துவைக்கிற ரகம். யாரோ சின்ன வயதில் அதை ஆல்பத்தில் பசை தடவி ஒட்டியிருந்தார்கள். ஊறவைத்தால் ஆல்பத் தாள் மட்டும் தோல் உரிவதுபோல உரிந்து வரும்.

டயர் ஆலையில் சுமை தூக்கும் டெல்பர்ட்டுக்குக் கட்டுப்படியாவது இப்படிப்பட்ட அட்டைகள்தான். பணக்காரர்கள் மூலை மடங்காத அட்டையைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் பூட்டிவிட்டு, தொடவே பயப்படுவார்கள். டெல்பர்ட்டின் ஆட்களுக்கு மூலையே கிடையாது. ஒருவருக்கு நெற்றியில் குண்டூசி ஓட்டை, இன்னொருவருக்குப் பேனா மீசை. ஆனால் எடுத்துத் தடவலாம், முகர்ந்து பார்க்கலாம். தோள்வலி தானாக இறங்கிவிடும். ரஸ்டி ஆடிய வருஷத்து அட்டை வரிசையில் அவர் ஒருவர்தான் பாக்கி. காலையில் பழைய சாமான் சந்தையில், எல்வுட்டின் கடையில் அவரைப் பார்த்ததும் டெல்பர்ட்டுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் மனைவி நோரீன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "இனிமே ஒரு அட்டை இந்த வீட்டுக்குள்ள வந்துச்சு, மொத்தத்தையும் வாசல்ல கடை போட்டு வித்துருவேன்."

கதவு திறந்தது. டெல்பர்ட் தட்டோடு ரஸ்டியை ஃப்ரீசருக்குள் தள்ளிச் சாத்தினான்.

"என்ன டெல், முகமெல்லாம் வேர்த்திருக்கு?"

"எனக்கா? சும்மா... சந்தோஷமா இருக்கேன்."

"நாளைக்கு ஆலைக்குப் போகணுமே, ஞாயித்துக்கிழமையிலயா சந்தோஷம்? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

அவள் அடுக்களையை விட்டு நகருவாள் என்று பார்த்தான். அவளோ ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, மாவுக்குள் ஆப்பிள் வைத்துச் சுடும் 'பை' பண்ண ஆப்பிள் சீவ உட்கார்ந்துவிட்டாள். கூடை நிறைய ஆப்பிள். ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றிச் சீவினாள். பிறகு மாவைப் பிசைந்து, அதை ஆறப்போட்டு, ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்தாள்.

"ஆப்பிள் பை சுடுற என் கண்ணாடித் தட்டு எங்க?"

"அது... ஃப்ரீசர்ல இருக்கு. முதுகுவலி. ஐஸ் வச்சேன்."

"பை சுடுற தட்டுலயா? உன் முதுகு என்ன அவ்வளவு வட்டமாவா இருக்கு?"

அவள் எழுவதற்குள் டெல்பர்ட் பாய்ந்தான். தட்டைக் கவிழ்த்துத் தட்டினான். நிலா மாதிரி ஒரு பனிக்கட்டி விழுந்தது. உள்ளே ரஸ்டி பந்தை எறியத் தயாராக நின்றார். அதை அப்படியே சட்டைக்குள் முதுகுப்பக்கம் செருகிக்கொண்டு, "ஆ... சுகம்!" என்றான். பற்கள் தாளம் போட்டன.

"சுகமா இருக்குறவன் ஏன்டா குதிக்கிற?"

"இதமா இருந்தா குதிப்பேன்!"

பனி உருகியது. காற்சட்டைக்குள் ஓடை இறங்கி, காலணி வழியாகத் தரையில் குளமானது. ஐஸ் போனபின் ரஸ்டி மட்டும் முதுகெலும்போடு பச்சக்கென்று ஒட்டிக்கொண்டார். குனிந்தால் மடங்குவார், நிமிர்ந்தால் நழுவுவார். டெல்பர்ட் துடைப்பக்கட்டையை விழுங்கியவன்போல் நின்றான்.

"ஐயோ, வலி அவ்வளவு ஜாஸ்தியா?" நோரீன் தைல பாட்டிலோடு வந்தாள். "சட்டையக் கழட்டு. நல்லா தேச்சு விடுறேன்."

"வேணாம்!"

"கழட்டுன்னா கழட்டு. கல்யாணமானதுலேர்ந்து பாத்த முதுகுதானே!"

முதல் பொத்தான் கழன்றது. இரண்டாவதும் கழன்றது. அப்போது வாசல்மணி அடித்தது. ஜன்னலில் பார்த்தால் எல்வுட்டின் ஓட்டை டிரக். காலையில் அட்டை விற்ற அதே எல்வுட்! வாயைத் திறந்தால் குடி முழுகிவிடும். டெல்பர்ட் விறைத்த முதுகோடு பக்கவாட்டில் நடந்து, டப்பா அடுக்கும் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டான். பீன்ஸ் டப்பாக்களுக்கு நடுவே மூச்சைப் பிடித்துக் காதை நீட்டினான்.

எல்வுட்டின் கரகரத்த குரல் வீடு முழுக்கக் கேட்டது:

"நோரீன், உங்கப்பா ஆல்பத்துல கடைசிப் பக்கமும் வித்துப்போச்சு, இந்தா உன் பங்கு. நீ சொன்ன மாதிரியே டெல்பர்ட் பேரமே பேசாம கேட்ட விலையைக் குடுத்துட்டான், அடுத்த ஆல்பம் இருந்தா எடு!"