அதிரசத்தில் பதிந்த பல்

கதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்பது ஐயமே. கற்றறிந்தோர் என் துணிவைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

திண்டுக்கல் வெங்காய வியாபாரி வேலுசாமிக்கு முன்பற்கள் போய்விட்டிருந்தன. மறுநாள் மகன் சோலைமலைக்குச் சின்னாளபட்டியில் பெண் பார்க்கச் செல்ல வேண்டும். மணந்தால் சண்முகவள்ளியைத்தான் மணப்பேன் என்று மகன் உறுதியாக இருந்தான். பொக்கை வாயைக் காட்டிக் காரியத்தைக் கெடுக்க மனமின்றி, செய்யச் சொல்லியிருந்த பல் செட்டை வாங்கப் போனார் வேலுசாமி.

"கழட்டி மாட்டுறதுதானா? வெங்காயத்தை ஊண்டுறாப்ல எலும்புலயே ஊண்டிவிட முடியாதா?" என்று ஆவலோடு கேட்டார்.

"சீமையில யாரோ திருகாணி வச்சு ஊண்டிப் பாக்குறாங்களாம். அது நம்மூருக்கு வார வரைக்கும் இதுதான். ஒட்டுற பண்டம் மட்டும் வேணாம்" என்றார் பல் கட்டுபவர்.

பெண் வீட்டில் முதலில் வந்ததே அதிரசம். அவர்கள் வழக்கப்படி, பெண்ணைப் பிடித்திருந்தால்தான் அங்கே கை நனைப்பார்கள். உண்ண மறுத்தால் சம்பந்தம் வேண்டாமென்று பொருள். வேலுசாமி துணிந்து கடித்தார். அதிரசம் வெளியே வந்தது. பற்களும் கூடவே வந்தன. பதறி அதைத் தட்டில் கவிழ்த்து வைத்தார். மீட்பதற்குள் பெண்ணின் அத்தை ஒச்சம்மாள் தட்டுகளை உள்ளே எடுத்துப் போய்விட்டார்.

அடுத்து வடை வந்தது. வேலுசாமி துண்டால் வாயை மூடிக்கொண்டு, வேண்டாமெனத் தலையசைத்தார். பெண்ணின் தந்தை இருளப்பனின் முகம் சுருங்கியது.

வேலுசாமியின் மனைவி மாயக்காள் சமாளிக்க முயன்றார். "அவுகளுக்கு இன்னைக்கு விரதம்ண்ணே."

"விரதத்துலயா தங்கச்சி அதிரசத்தைக் கடிச்சாரு?"

"அது வந்து... எண்ணெய்ப் பண்டம் ஆகாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு."

சீக்காளிக் குடும்பமோ என்று உறவினர் கிசுகிசுத்தனர். அதைப் பொறுக்காத சோலைமலை, தந்தைக்கு ஒரு நோயும் இல்லை, கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்றான்.

"அப்பச் சாப்பிட என்ன மாப்ள தடை?" என்றார் இருளப்பன்.

அவ்வேளையில் உள்ளிருந்து அழைப்பு வர, இருளப்பன் எழுந்து போனார். திரும்பியபோது அவர் முகம் வெளிறியிருந்தது. அதுவரை வாய் திறவாமல் தலைகுனிந்திருந்த மகள் சண்முகவள்ளியை அவசரமாக உள்ளே அனுப்பினார். பேச்சை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

தாம் உண்ணாததே வினையாயிற்று என்று வேலுசாமி இடிந்துபோனார். சோலைமலையின் கண்கள் கலங்கின. எல்லோரும் எழுந்தனர்.

ஒச்சம்மாள் கண்ணாடித் தம்ளரோடு ஓடி வந்தார். உள்ளே நீரில் கிடந்தவை தம் பற்களே என்று கண்ட வேலுசாமி, தம்மை மறந்து கை நீட்டினார். ஒச்சம்மாளோ தமையனையே பார்த்து மூச்சிரைக்கச் சொன்னார்:

"பயப்படாதீக அண்ணே, இது நம்ம வள்ளியோடது இல்ல. அவ கட்டுன பல்லு அவ வாயிலதான் இருக்கு."

அன்று தொலைந்தவை: அதிரசம் ஒன்று, ரகசியம் வீட்டுக்கு ஒன்று.