சங்கிலியார் அளந்த பாய்

கள்ளக்குறிச்சி தாலுகாவில் சங்கிலியார் அளக்காத பொருள் ஒன்று உண்டென்றால், அது எங்கள் ஊர் வெயில் மட்டும்தான். அவர் சர்வேயர். நிலம் அளக்கும் சங்கிலியோடு அலைந்ததால் அந்தப் பெயர். ஹோட்டலில் தோசை வந்தாலும் முதலில் விரல் வைத்து அளப்பார்.

"நேத்தைக்கு இன்னிக்கு ரெண்டு விரக்கடை கம்மிப்பா!"

"திங்கிற தோசைக்கும் பட்டா கேப்பீங்களா?" என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

அவரும் நானும் ஒரே அலுவலகம், அடுத்தடுத்த வீடு. இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த நாட்களில் என் மனைவி மூன்றாவது முறையாக முழுகாமல் இருந்தாள். முதல் இரண்டும் பெண்கள். என்ன பரிசு தருவது என்று அலுவலகமே மண்டையைக் குடைந்துகொண்டது. வளைகாப்பு தலைப்பிள்ளைக்கு மட்டும்தான். பிறக்காத குழந்தைக்குச் சட்டை, தொட்டில் வாங்குவதும் ஆகாது.

"பேசாம அல்வா வாங்கிக் குடுத்துடலாங்க" என்றார் டைப்பிஸ்ட்.

சங்கிலியார் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் என் சின்ன மகள் ராணி, மூன்று வயது, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்கு அழுதுகினு கீற?"

"அம்மாவுக்கு அந்தாண்ட அக்கா. இந்தாண்ட பாப்பா படுத்துக்குமாம். நான் எங்க மாமா படுக்கிறது?"

என்னோடு படுத்துக்கொள் என்று ஒரு வாரமாகக் கெஞ்சியிருந்தேன். குறட்டை விடுவதாகச் சொல்லி என்னைத் தள்ளுபடி செய்துவிட்டாள்.

சங்கிலியார் டேப்பை எடுத்தார். ராணியை அளந்தார், அக்காவை அளந்தார். "தங்கச்சி, அப்டியே செவுத்தாண்ட நில்லும்மா" என்று என் மனைவியின் உயரத்தையும் குறித்துக்கொண்டார். பிறகு தீர்ப்பு சொன்னார்.

"அம்மா அஞ்சடி. பாப்பா ஒரு மொழந்தான் வரும். அதுக்குக் கீழ மிச்சம் கீதே, அது ராணி எடம். உட்பிரிவு பண்ணா முடிஞ்சுது. பொறக்காத புள்ளைக்குத்தான வாங்கக் கூடாது? நான் பொறந்த புள்ளைக்கு வாங்குறேன்."

மணலூர்பேட்டைப் பக்கம் போய்ச் சொல்லிவைத்து, நாலு பேருக்கும் சேர்த்து ஒரே கோரைப்பாயாக நெய்யச் செய்து வாங்கிவந்தார். திரும்பும்போது சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. பாயைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். மறியல் செய்தவர்கள் நிறுத்திக் கேட்டதற்கு ராணியின் வழக்கை ஆதியோடந்தமாகச் சொல்லியிருக்கிறார்.

"கொயந்தைக்கு எடம் போவுது, தூக்கி வுடுங்கப்பா" என்று அவர்களே பாயை மரத்துக்கு அந்தப் பக்கம் தூக்கிக் கொடுத்தார்களாம்.

வீட்டில் பாயை விரித்தோம். சிவப்புச் சாயக் கோடு போட்டு ஆளுக்கொரு எல்லை. ஆனால் பாய் முடியவில்லை, அறை முடிந்துவிட்டது. எல்லாரையும் அளந்தவர் அறையை அளக்க மறந்திருந்தார்! மிச்சப் பாய் சுவரில் ஏறி நின்றது. மூன்றாவதும் பெண்ணாகிவிடுமோ என்று மாதக்கணக்கில் முகம் வாடியிருந்த என் மனைவி, அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மூன்றாவதும் பெண்தான். வந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். சங்கிலியார் மட்டும் குழந்தைக்கு முழம் போட்டுப் பார்த்துவிட்டு, "கரெக்டா கீது தங்கச்சி! ராணி எடத்துல ஒரு அங்குலம் போவாது" என்று கூத்தாடினார். அன்று முதல் ராணி தன் எல்லைக்குள் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுவருடம் அவருக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொள்ள வந்தவரைப் பார்த்து ராணி பாயில் நகர்ந்து உட்கார்ந்தாள். தன் சிவப்புக் கோட்டுக்குள் தட்டிக் காட்டினாள்.

"இங்க குந்து மாமா. இது என் எடம்."

தனிக்கட்டை மனிதர். எதையும் அளக்காமல் அவர் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.